கோல்ஃபில் 16 ஸ்ட்ரோக் (அடி) சலுகை கொடுத்து மேட்ச் பிளே (ஹோல் ஹோலாக வெற்றியை எண்ணும் ஆட்டம்) ஆடுவது நியாயமா?

பார்_பிரியன்:
எனக்கு ஹேண்டிகேப் (திறமைக்கு ஏற்ற சலுகை அடிகள்; கூடினால் ஆட்டம் பலவீனம்) 6, எதிரில் ஆடியவருக்கு 22. ஒற்றையர் மேட்ச் பிளேயில் வித்தியாசம் முழுவதையும் கொடுக்க வேண்டும், அதனால் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (18 ஹோல்களின் கடின வரிசை) 1 முதல் 16 வரை ஹோலுக்கு ஒன்று அவருக்கு. 8-ஆவது ஹோல் பார் 4, அதாவது நல்ல ஆட்டக்காரருக்கு 4 அடி. இரண்டு முறை பந்தைத் தண்ணீரில் விட்டு 9 அடித்தார், நான் 4. கழித்த பிறகும் நாலு ஸ்ட்ரோக் முந்தினேன், கிடைத்தது ஒரே ஒரு ஹோல். 17-க்கு வரும்போது அவர் 2 ஹோல் முன்னால். முதல் அடி மரத்துக்குள் போனது, இரண்டாவதில் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்தார், மூன்றாவது கிரீனைத் (குழியைச் சுற்றிய புல்தரை) தொடவில்லை, அப்புறம் ஒரு சிப் (அருகிலிருந்து சிறு அடி), ஒரு பட் (குழிக்குள் உருட்டும் அடி). 5, கழித்தால் 4. நான் இரண்டு அடியில் கிரீன், இரண்டு பட், அதே 4. மீதி ஒரே ஹோல், அவர் 2 முன்னால், மேட்ச் முடிந்தது. நேராக அடித்தவன் தோற்பது எந்த ஊர் நியாயம்?

கணக்குப்பிள்ளை:
வலி புரிகிறது, ஆனால் அந்த 22 எப்படி வந்தது என்று பாருங்கள். 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-க்குத்தான் சராசரி. மற்ற 12 கணக்கிலேயே வராது. ஒரு நாள் ஏறி ஒரு நாள் இறங்கி ஆடுபவருக்கு அந்த 8-க்கும் சாதாரண நாளுக்கும் உள்ள தூரம் உங்களைவிட அதிகம். 22 என்பது அவருடைய நல்ல நாள். பெரும்பாலான நாட்களில் அதற்கு ஆடவே மாட்டார். நீங்கள் அவருடைய நல்ல நாளில் மாட்டிக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

பார்_பிரியன்:
அது மொத்த ஸ்கோருக்குச் சரி. ஹேண்டிகேப் கணக்கில் ஒரு ஹோலின் உச்சம் நெட் டபுள் போகி (பார், அதன் மேல் 2, அந்த ஹோலில் கிடைக்கும் ஸ்ட்ரோக்), ஆகவே இப்படி ஒரு 9 வந்தால் 7 ஆக வெட்டிவிடுவார்கள். வெட்டிய பிறகும் நெட்டில் பாருக்கு 2 மேல். மேட்சில் அதே சொதப்பலுக்கு இழப்பு ஒரு ஹோல் மட்டும். சொதப்பிய ஹோலில் சேர்த்த ஸ்ட்ரோக்கை நல்ல ஹோலில் செலவழிக்கிறார். முக்கால் பங்கு, 12 கொடுத்தால் போதும்.

கணக்குப்பிள்ளை:
முக்கால் பங்கு பிரிட்டனில் முன்பு நடைமுறையில் இருந்ததுதான். பிறகு அவர்களே முழு வித்தியாசத்துக்கு மாறினார்கள்.

இருபத்துநாலு:
என் ஹேண்டிகேப் 24. முக்கால்தான் என்றால் உங்களோடு ஆட வரவே மாட்டேன். ஸ்ட்ரோக் கையில் இருந்தாலும் மரத்துக்குள்ளிருந்து 5 எடுப்பது எங்களுக்குச் சும்மா வருவதில்லை, அந்தக் கடைசிப் பட்டின்போது கை எப்படி நடுங்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. நல்ல ஸ்கோரையும் அவர் பதிவு செய்கிறாரா? பதிவு செய்தால், ஒரு நாள் ஹேண்டிகேப்பைவிட 7 குறைவாக ஆடினாலே தானாக 1 வெட்டப்படும். பதியாமல் மறைப்பவரிடம்தான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம்.

பார்_பிரியன்:
பதிவு செய்கிறார், பார்த்துவிட்டேன். கடைசி இருபதும் இருக்கிறது, அதில் நாலைந்து படுமோசம். அந்த நெட் டபுள் போகி விஷயத்தில் நான் மாறவில்லை. ஆனால் அவரிடம் 12 என்று கேட்கப் போவதில்லை. ஞாயிறு மறுபடி ஆடுகிறோம், 16 கொடுத்தே.