பிறவி சிபிலிஸ்: பல்லிலும் கண்ணிலும் பார்த்தவர்கள் பகிருங்கள்

சிபிலிஸ் என்ற பால்வினை நோய் கருவிலேயே தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதுதான் பிறவி சிபிலிஸ். என் கதையிலிருந்து தொடங்குகிறேன். 11 வயதில் இடது கண் சிவந்தது. வெளிச்சம் பட்டால் கூசும், நீர் ஓயாமல் வழியும். சாதாரணக் கண்வலி என்று சொட்டு மருந்து போட்டோம். இரண்டு மாதத்தில் வலது கண்ணுக்கும் வந்தது. வலி போன பிறகும் கருவிழியில் புகை படிந்த மாதிரி மங்கல் தங்கிவிட்டது.

26 வயதில் ஒரு கண் மருத்துவர், இரத்தம் ஓடாத பழைய நாளங்களின் தடம் கருவிழிக்குள் தெரிகிறது என்றார். அடுத்து, "பல்லைக் காட்டுங்க" என்றார். மேல் முன்பல் இரண்டுக்கும் 19 வயதிலேயே உறை போட்டாகிவிட்டது. சின்ன வயதுப் படம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். நுனி குறுகி, கடிக்கும் விளிம்பில் பிறை போல ஒரு வெட்டு. "காது எப்படி?" என்றும் கேட்டார். இடது காதில் சரியாகக் கேட்காது என்பதை அன்றுதான் முதல்முறை வாய்விட்டுச் சொன்னேன். இரத்தப் பரிசோதனை உறுதிப்படுத்தியது. அந்தப் பல்லை அழகுபடுத்தத் தெரிந்த யாருக்கும் ஏன் அப்படி முளைத்தது என்று கேட்கத் தோன்றவில்லையே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

பதில் 1 (பல் மருத்துவர்):
உங்கள் வருத்தம் எங்களுக்கு உறைக்க வேண்டியதுதான். பல், கண், காது மூன்றையும் கோத்துப் பார்த்தவர் லண்டன் மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன். பல்லைப் பற்றி அவர் எழுதியது 1858இல். கிருமியைக் கண்டுபிடித்ததோ 1905இல்தான். பால்பல்லில் இந்த வடிவம் வராது. 6, 7 வயதில் முளைக்கும் நிரந்தர முன்பல்லிலும் முதல் கடைவாய்ப்பல்லிலும்தான் தெரியும், ஏனென்றால் பிறப்பை ஒட்டி உருவாகிக்கொண்டிருப்பவை அவை. கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பு மல்பெரிப் பழம் போல முண்டு முண்டாக இருக்கும்.

ஆனால் வெட்டு இருந்தாலே இந்த நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. படிக்கும் காலத்தில் ஒரு பெண்ணின் முன்பல்லைப் பார்த்து நான் பதறினேன். பேராசிரியர் நிதானமாகக் கேட்டார்: "ஹேர்பின்னைப் பல்லால பிரிப்பியாம்மா?" ஆமாம் என்றாள். ஒரே பல்லில் தேய்மானம், பல்லின் வடிவம் சரியாகவே இருந்தது. அவ்வளவுதான்.

பதில் 2 (கர்ப்பிணிப் பிரிவுச் செவிலியர்):
சிபிலிஸ் இருக்கிறதா என்று பார்க்கும் வி.டி.ஆர்.எல். பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்போது "எனக்கு எதுக்கு இது?" என்று கோபப்படுவார்கள். தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமலே நோய் இருக்கலாம் என்று பொறுமையாகச் சொல்வேன். பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பாவது பென்சிலின் சிகிச்சையைத் தொடங்கிவிட்டால் குழந்தையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தங்கை, உங்கள் அம்மாவுக்குப் பார்த்தார்களா?

தொடங்கியவர்:
பார்த்தார்கள் அக்கா. அம்மாவுக்கும் இருந்தது. வாரம் ஒன்றாக மூன்று ஊசி. அம்மாவுக்கு இது எதுவுமே தெரியாது. முடிவைக் கேட்டதும் என்னிடம் மன்னிப்புக் கேட்டு அழுதார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தம்பிக்கும் பார்த்தோம், அவனுக்கு இல்லை. எனக்கும் ஊசி போட்டார்கள். கருவிழித் தழும்பை அது போக்காது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். கருவிழியில் அன்று வந்த அழற்சி கிருமியை எதிர்த்து உடலே காட்டும் வினையாம். 11 வயதிலேயே கண்டுபிடித்து ஸ்டீராய்டு சொட்டு போட்டிருந்தால் இவ்வளவு மங்கியிருக்காதாம். இப்போது கருவிழி மாற்று அறுவைக்குப் பதிந்திருக்கிறேன். செய்துகொண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.