தோங்கில் போட்ட சைஃபன் பாதியில் நிற்கிறது. அப்படியே இன்னொரு சந்தேகமும்

செம்பனைக்காடு:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், பழைய லயத்து வீடு. பின்மேட்டில் 200 லிட்டர் நீலத் தோங்கில் (பீப்பாயில்) மழைத்தண்ணீர் பிடிக்கிறோம். அடியில் ஓட்டை போட மனமில்லை. 10 மீட்டர் அரை இஞ்ச் ஹோஸை வாயால் உறிஞ்சிவிட்டால் கீழே வெண்டிப் பாத்திக்குத் தண்ணீர் வருகிறது. கால் மணி நேரத்தில் நின்றுவிடுகிறது, தோங்கில் பாதி அப்படியே. இன்னொன்று: கக்கூஸ் தொட்டி பார்க்க வந்தவர் "சைஃபன் போச்சு" என்கிறார், ஹார்ட்வேர் கடையில் கைப்பம்பைச் சைஃபன் என்கிறார்கள், பேப்பரில் பணத்தையும் சைஃபன் செய்கிறார்கள். எதுதான் சைஃபன்?

பைப்புக்காரர்:
தினமும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா, கண்ட மட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

ஒரே மட்டம் என்றால், ஹோஸின் கீழ்வாய் அந்த மட்டத்துக்குச் சமமாகக் கிடக்கிறது, இல்லை மேல்வாய் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டது. சுருண்டே பழகிய ஹோஸ் தோங்குக்குள் மெல்ல எழும்பும். முனையில் கல்லைக் கட்டி, அடியிலிருந்து இரண்டு இஞ்ச் மேலே நிறுத்துங்கள். அதற்குக் கீழே சேறுதான்.

கண்ட மட்டத்தில் நின்றால் காற்று. விளிம்பைத் தாண்டும் வளைவில் ஹோஸுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஜாயிண்ட் லூசாக இருந்தால் தண்ணீர் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும்; அதனால் கண்ணில் படாது. ஒரே துண்டு ஹோஸ் போடுங்கள். வெயிலில் சூடான தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் வளைவில் குமிழாகப் பிரியும். ஓட்டம் வேகமாக இருந்தால் அடித்துக்கொண்டு போய்விடும், மெதுவாக இருந்தால் சேர்ந்து சேர்ந்து தண்ணீரை இரண்டாகத் துண்டித்துவிடும். மெல்லிய ஹோஸ் இளகி விளிம்பில் நசுங்குவதும் உண்டு. பழைய பிவிசி பைப்பைப் பிளந்து விளிம்பில் மாட்டினால் தீர்ந்தது.

ஒரு மீட்டர் இறக்கத்தில் உங்கள் ஹோஸ் நிமிஷத்துக்கு 6, 7 லிட்டர் தரும். முக்கால் இஞ்சுக்கு மாற்றினால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. திறந்து மூடும் பைப் மாட்டுவதென்றால் கீழ்முனையில், மேலே வேண்டாம். அந்தப் பைப்பை மூடி, ஹோஸ் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, மேல்வாயை விரலால் அடைத்துத் தோங்கில் முக்கி, விரலை எடுத்த பிறகு கீழே திறங்கள். உறிஞ்சவே வேண்டாம்.

சொல்லாராய்ச்சி:
தண்ணீர் ஒரு வளைவில் மேலேறித் தாண்டி, மறுபக்கம் தானாகக் கீழே ஓடுவதுதான் சைஃபன். கக்கூஸ்காரர் சொன்னது சரி. பிரிட்டிஷ் பாணித் தொட்டிக்குள் இருப்பது அசல் சைஃபன். கைப்பிடியை இழுத்தால் ஒரு தட்டு தண்ணீரை வளைவுக்கு மேலே தூக்கிவிடும், மிச்சம் தானாக இறங்கும், காற்று புகுந்ததும் நிற்கும். நாலைந்து தடவை இழுக்க வேண்டியிருந்தால் பெரும்பாலும் தட்டின் மேலுள்ள பிளாஸ்டிக் தாள் கிழிந்திருக்கும். அந்தத் தாளை மாற்றினால் போதும், தொட்டியை மாற்றச் சொன்னால் தலையாட்டாதீர்கள். ஓயாமல் கோப்பைக்குள் ஒழுகுவது ரப்பர் மூடி வைத்த தொட்டி. அதில் சைஃபனே கிடையாது.

கைப்பம்பு பாதி சைஃபன்: வாங்கும் டின் கீழே இருந்தால் நாலு அமுக்கு அமுக்கி விட்டுவிடலாம், மேலே இருந்தால் கடைசிவரை அமுக்கத்தான் வேண்டும். சோடா சைஃபன் பெயரளவில்தான். அதில் வாயு அழுத்தம் தள்ளுகிறது. சிங்க் அடியில் வளைந்த பைப்பையும் சிலர் சைஃபன் என்பார்கள். அங்கே சைஃபன் ஏற்பட்டால்தான் வில்லங்கம், வளைவில் நிற்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டு போய் வீட்டுக்குள் நாற்றம் வரும்.

ஓடவைப்பது காற்றழுத்தம் என்று ஆக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியே 1911 முதல் எழுதி வைத்திருந்தது; 2010இல் ஓர் ஆஸ்திரேலிய இயற்பியலாளர் அது தப்பு என்று காட்டினார். இழுப்பது புவியீர்ப்பு. பணத்துக்கு நமக்குச் "சுருட்டுவது", "கறப்பது" எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் உவமை பிரமாதம், ஆரம்பத்தில் ஒரு இழுப்பு, பிறகு யாரும் கைவைக்கத் தேவையில்லை.

தோட்டத்து மருந்து:
வாயால் உறிஞ்சுவது மழைத்தண்ணீரோடு நிற்காது, பழக்கமாகிவிடும். பெட்ரோல் ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே நிமோனியா. விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இங்கே தடை, ஆனால் மருந்துத் தோங்குகள் இன்னும் கைமாறுகின்றன. உங்கள் நீலத் தோங்கில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் வெண்டிக்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

செம்பனைக்காடு:
தோங்கு முன்பு சோயா சாஸ் வந்தது, மருந்துத் தோங்கு இல்லை. நன்றி அண்ணே. மழை இல்லாத வாரம் வீட்டுப் பைப்பிலிருந்து ஹோஸ் இழுத்துத் தோங்குக்குள் போட்டு நிரப்புகிறோம். பரவாயில்லையா?

பைப்புக்காரர்:
முனை தண்ணீரில் முங்கியிருந்தால் ஆபத்து. பைப் திறந்திருக்கும்போது தண்ணீர் கட் ஆகி, மெயின் பைப்பில் அழுத்தம் விழுந்தால், தோங்குத் தண்ணீர் திரும்பி வீட்டுப் பைப்புக்குள் ஏறும். அதுவும் சைஃபன்தான். ஹோஸ் முனையைத் தோங்கு விளிம்புக்கு ஒரு இஞ்சாவது மேலே கட்டித் தொங்கவிடுங்கள்.