எம்ஜிபி காருக்கான மறுதயாரிப்புப் பாகங்கள்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

வணக்கம். 1965ஆம் ஆண்டின் எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டனின் எம்ஜி நிறுவனத்தின் திறந்த கூரை விளையாட்டுக் கார்) ஒன்றைச் சீரமைத்து வருகிறேன். தனிச் சட்டகம் இல்லாத இக்காரில் கதவுகளுக்குக் கீழுள்ள ஸில் தகடுகளே உடலின் உறுதியைப் பெரிதும் தாங்குவதால், துருப்பிடித்த அவற்றை உள்ளும் புறமும் முழுமையாக மாற்றியாக வேண்டும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் இயன்றவரை அசல் தகடுகளை வார்த்தெடுத்த பழைய அழுத்த அச்சுகளைக் கொண்டே தயாரிக்கும் தகடுகளுக்கும், பெயர் தெரியாத மலிவான நகல்களுக்கும் விலையில் பெரும் வேறுபாடு இருக்கிறது. நகலை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து பொருத்தும் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டால் உண்மையில் ஏதேனும் மிச்சமாகுமா என்பதே என் ஐயம். ஆகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் கையாண்டவர்கள், தகட்டின் தடிமன் எப்படி இருந்தது, கதவு இடைவெளி சீராக அமைந்ததா என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். பம்பரைப் புதிதாக வாங்குவதைவிடப் பழையதற்கே குரோம் முலாம் பூசுவது நல்லதா? வெளிநாட்டிலிருந்து தருவித்தவர்கள் சரக்குக் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்த மொத்தச் செலவைக் குறிப்பிடுமாறு வேண்டுகிறேன்.