642 ரிவால்வருக்கு கிரிப் மாத்தணும், மறைக்கவும் வசதியா இருக்கணும், கையும் வலிக்கக்கூடாது. எது போடலாம்?

புதுசா_வந்தவன்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசம் முன்னாடி ஒருத்தர்கிட்ட இருந்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ஒண்ணு செகண்ட் ஹேண்டா வாங்கினேன். பெர்மிட் கைக்கு வந்ததுல இருந்து சட்டைக்கு உள்ள வலது இடுப்புல அதத்தான் வச்சுக்கிட்டு போறேன், கனமே தெரியல, உட்கார்ந்தா எழுந்தா குத்துறதும் இல்ல, அந்த விஷயத்துல ரொம்ப திருப்தி. பிரச்சனை கிரிப்ல தான். முன்னாடி வச்சிருந்தவர் ஒல்லியா ரெண்டு மரத்துண்டு போட்டு வச்சிருக்கார், பார்க்க அவ்வளவு லட்சணமா இருக்கு, ஆனா ரேஞ்சுக்குப் போனா மூணாவது லோடு முடியுறதுக்குள்ள நடுவிரல் முட்டி செவந்து வீங்கிடுது, ட்ரிகர சுத்தி இருக்குற வளையம், அதாவது ட்ரிகர் கார்டு, அதோட பின்பக்கம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதே இடத்துல வந்து இடிக்குது. போன வாரம் சுடுறதுக்கு முன்னாடியே நான் கண்ண மூடிக்கிறேன்னு பக்கத்துல நின்ன ஃப்ரெண்ட் சொன்னான், அதக் கேட்டதும் மனசுக்கு சங்கடமா போச்சு.

அவனோட துப்பாக்கியில மூணு விரலும் உட்கார்ற மாதிரி பெரிய ரப்பர் கிரிப் இருக்கு, அதுல சுட்டா வலியே இல்ல. ஆனா என் கை சின்னது, அதப் பிடிச்சா விரல் நுனி மட்டும் தான் ட்ரிகர்ல படுது, சும்மா இடுப்புல வச்சுப் பார்த்தா அடிப்பக்கம் சட்டையத் தூக்கிக்கிட்டு நிக்குது. நடுவுல ஏதாவது வழி இருக்கா? ஹோக், பேக்மேயர், ஆல்டமாண்ட்னு படிச்சுப் படிச்சுத் தலை சுத்துது.

அஞ்சு_ரவுண்ட்:

தம்பி, பிராண்ட் பேர முதல்ல ஓரமா வச்சுடு. உனக்கு எங்க வலிக்குதுன்னு நீயே சரியா சொல்லிட்ட, பாதி பதில் அதுலயே இருக்கு. ஜே ஃப்ரேம்ல, அதாவது உன் 642 மாதிரி ஸ்மித் அண்ட் வெஸ்ஸனோட சின்ன சைஸ் ரிவால்வர்ல, வலி ரெண்டு இடத்துல வரும், ரெண்டுக்கும் காரணம் வேற வேற. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்குற சதை வலிச்சா பின்பக்க இரும்பு, அதாவது பேக்ஸ்ட்ராப், நேரா கையில உதைக்குதுன்னு அர்த்தம். நடுவிரல் முட்டி வலிச்சா ட்ரிகர் கார்டுக்குப் பின்னாடி இருக்குற பள்ளம் காலியா இருக்குன்னு அர்த்தம். உன்னோடது ரெண்டாவது. அந்தக் காலத்து ஒல்லி மர கிரிப் எல்லாத்துலயும் இந்தப் பள்ளம் அப்படியே திறந்து கிடக்கும், அதனால தான் டைலர் டி கிரிப்னு ஒரு சின்ன உலோகத் துண்டு வந்துச்சு, மரத்த மாத்தாம அந்தப் பள்ளத்த மட்டும் அடைக்கிறதுக்கு. உனக்கு அந்த மரம் பிடிச்சிருந்தா அது ஒண்ணே போதும், விரலும் கொஞ்சம் கீழ இறங்கி உட்காரும்.

இன்னொன்னு, உன் துப்பாக்கி 15 அவுன்ஸ் பக்கம் தான், அலுமினிய ஃப்ரேம், அதுல .38 ஸ்பெஷல் +பி, அதாவது வழக்கத்த விட அழுத்தம் கூடின தோட்டா, போட்டா எந்த கிரிப் போட்டாலும் உதைக்கத்தான் செய்யும். கிரிப் அந்த உதையக் குறைக்காது, கையில எவ்வளவு பரப்புல வந்து விழுதுங்கிறதத்தான் மாத்தும்.

ஃப்ரெண்டோட கிரிப் உனக்கு ஏன் எட்டலைன்னா அது பேக்ஸ்ட்ராப்ப மூடுற டைப். பின்னாடி ரப்பர் வந்தா உதை மெத்துன்னு இருக்கும், ஆனா ட்ரிகர் அவ்வளவு தூரம் தள்ளிப் போயிடும். சின்னக் கைக்கு பின்பக்கம் திறந்திருக்குற கிரிப் தான் சரி. 642ல ஹேமர், அதாவது தோட்டாவ அடிக்கிற சுத்தியல், ஃப்ரேமுக்கு உள்ள இருக்கு, ஒவ்வொரு தடவையும் முழு இழுப்பு, 12 பவுண்டு பக்கம் வரும், விரல் நுனியால அத இழுத்தா முனை பக்கவாட்டுல ஓடும். முதல் மடிப்பு ட்ரிகர் மேல வர்ற மாதிரி இருந்தா தான் நேரா இழுக்க முடியும். சிலிண்டரத் திறந்து அஞ்சு அறையும் காலியான்னு கண்ணால பாரு, விரல விட்டும் பாரு, தோட்டா எல்லாத்தையும் வேற ரூம்ல வச்சுட்டு வா, அப்புறம் முன்கையும் பேரலும் ஒரே கோடா வர்ற மாதிரி பிடிச்சு விரல் எங்க விழுதுன்னு பாரு. கிரிப் வாங்குறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய அளவு இது ஒண்ணு தான்.

மறைக்கிற விஷயத்துல எல்லாரும் சிலிண்டர் தடிமனத்தான் நினைப்பாங்க, உண்மையில சட்டையில துருத்திக்கிட்டு நிக்கிறது கிரிப்போட அடிமுனை. அதனால தான் பூட் கிரிப்னு ஒரு வடிவம். ஃப்ரேமோட அடிப்பக்கம் வெளிய தெரியும், ரெண்டு விரலுக்கு மட்டும் இடம் இருக்கும், சுண்டுவிரல் அடியில மடங்கி நிக்கும். கிரெய்க் ஸ்பீகல் வடிவமைச்சது, அதையே அங்கிள் மைக்ஸ் ரப்பர்ல போட்டு ஊரெல்லாம் பரவிடுச்சு. ஹோக் பேண்டமும் இதே ஜாதி, அதுல ஸ்க்ரூவே கிடையாது, ரப்பர விரிச்சு மாட்டுறது. உனக்கு என் ஓட்டு பின்பக்கம் திறந்த ரப்பர் பூட் கிரிப்.

ரேஞ்சுக்குப்_போற_அக்கா:

அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஒண்ணுல மட்டும் நான் வேற மாதிரி சொல்வேன். ரப்பர் இடுப்புக்கு ஓகே தான், ஆனா துணியப் பிடிக்கும். பேண்ட் பாக்கெட்ல வைக்கிற பழக்கம் இருந்தா ரப்பர் வேண்டவே வேண்டாம், நான் அப்படி வச்சிருந்தப்ப கைய வெளிய இழுத்தா பாக்கெட்டோட உள்துணியும் சேர்ந்து வெளிய வந்துடும். இடுப்புலயும் பனியன் துணி சட்டை போட்டா அது ரப்பர் மேல ஏறி அப்படியே நின்னுக்கும், நடந்து வந்து கண்ணாடியில பார்த்தா தான் தெரியும். வழவழப்பான மரம் இல்லன்னா ஜி10ங்கிற கண்ணாடி இழைப் பலகை போட்டா துணி வழுக்கிக்கிட்டு இறங்கிடும். நான் இப்போ பூட் கிரிப் அளவுலயே மரம் தான் போட்டிருக்கேன், பள்ளமும் அடைஞ்சிருக்கு.

யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன், தயவுசெஞ்சு கவனிங்க. இடது பக்க கிரிப்போட மேல் ஓரம். முதல்ல நான் ஆசைப்பட்டு வாங்கின மர கிரிப் அந்த இடத்துல கொஞ்சம் தடியா இருந்துச்சு. சிலிண்டரத் திறந்து, சுட்ட தோட்டாவோட கூட்ட வெளிய தள்ளுற ராடத் தட்டினா நாலு காலி கேஸ் கீழ விழும், கிரிப்ப ஒட்டி இருக்குற அஞ்சாவது மட்டும் விளிம்பு மரத்துல இடிச்சு பாதியில தொங்கும், நகத்தால கிள்ளித்தான் எடுக்கணும். அஞ்சு குண்டையும் ஒரே நேரத்துல உள்ள இறக்குற ஸ்பீடுலோடரும் அதே இடத்துல இடிச்சு சாய்ஞ்சு நிக்கும், அஞ்சு குண்டும் நேரா இறங்காது. ரேஞ்சுல நின்னா இது தொந்தரவு, ஆபத்துல நின்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து அந்த இடத்த மட்டும் மணல்தாளால அரை நிலா வடிவத்துல தேய்ச்சு, ஸ்னாப் கேப்னு சொல்ற டம்மி தோட்டா போட்டுப் பார்த்து, மறுபடி தேய்ச்சு, இப்படி ஏழெட்டு தடவை பண்ணின பிறகு தான் அஞ்சும் சேர்ந்து விழுந்துச்சு. உங்ககிட்ட எச்கேஎஸ் கம்பெனி ஸ்பீடுலோடர் இருந்தா அதக் கையில வச்சுக்கிட்டே கிரிப் வாங்குங்க.

அப்புறம் கண்ண மூடுறது. அது ஒரு தடவை ஒட்டிக்கிட்டா கிரிப் மாத்தினாலும் போகாது தம்பி. கொஞ்ச நாளைக்கு +பி எல்லாம் நிறுத்திட்டு 148 கிரெயின் வாட்கட்டர், அதாவது முனை தட்டையா இருக்குற பயிற்சித் தோட்டா, அது மட்டும் போடுங்க, ரொம்ப சாது. 642ல பின்பக்கம் மேல ஒரு கூன் மாதிரி இருக்கும் பாருங்க, கை அது வரைக்கும் ஏறி முட்டணும். கீழ பிடிச்சா முனை மேல எகிறும். ஒரே நாள்ல 50 சுடாதீங்க, 20 போதும், வலி வர்றதுக்கு முன்னாடி கீழ வச்சுடுங்க.

ஸ்க்ரூ_டிரைவர்:

மாட்டுறது பத்தி நான் சொல்றேன், ஏன்னா இதுல நான் நஷ்டப்பட்டிருக்கேன். அப்பா காலத்து வால்நட் கிரிப் ஒண்ணு, ஸ்க்ரூவக் கழட்டினேன், ஒரு பக்கம் வரல, ஓரத்துல ஸ்க்ரூ டிரைவர் விட்டு லேசா நெம்பினேன், டக்குனு ஒரு சத்தம், முனை செதில் மாதிரி பிளந்து கையில வந்துடுச்சு. பசை போட்டு ஒட்டி வச்சிருக்கேன், அந்தக் கோடு இன்னும் தெரியும்.

நெம்பவே கூடாது. ஸ்க்ரூவ முழுசாக் கழட்டாம நாலஞ்சு சுத்து மட்டும் லூஸ் பண்ணிட்டு, அதோட தலைய பிளாஸ்டிக் கைப்பிடியால மெதுவா தட்டுங்க, எதிர்ப்பக்கம் தானா எழும்பி வரும். ஃப்ரேம்ல அடிப்பக்கம் ஒரு சின்ன பின் நீட்டிக்கிட்டு இருக்கும், புது கிரிப்ல உள்பக்க ஓட்டை அதுல உட்கார்ந்த பிறகு தான் ஸ்க்ரூவப் பிடிக்கணும், உட்காராம முறுக்கினா மரம் வெடிச்சுடும். இறுக்கம் ரெண்டு விரல் பலம் போதும். காடி அளவுக்கு சரியாப் பொருந்துற டிரைவர் வச்சுக்கோங்க, இல்லன்னா ஸ்க்ரூ தலை மொட்டையாகிடும். கிரிப்புக்கு அடியில வியர்வை தேங்கும், இடுப்போட ஒட்டி வச்சிருக்கிறதால ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை கழட்டித் துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்க.

வாங்கும்போது ஜே ஃப்ரேம், ரவுண்ட் பட் (கைப்பிடி அடிமுனை உருண்டையா இருக்குறது)னு ரெண்டும் எழுதியிருக்கான்னு பாருங்க. பழைய ஜே ஃப்ரேம்ல ஸ்கொயர் பட்டும் உண்டு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது. ரூகர் கம்பெனியோட எல்சிஆர் ரிவால்வர் கிரிப்பும் இதுல ஏறாது, அங்க ஃப்ரேமே வேற மாதிரி, ஒரு குச்சியில கிரிப்ப சொருகுற அமைப்பு.

புதுசா_வந்தவன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி காலி பண்ணி அளவு பார்த்தேன். என் மரத்துல முதல் மடிப்பு சரியா ட்ரிகர் மேல விழுது, அப்போ தடிமன் சரி, பள்ளம் தான் பிரச்சனை, அண்ணா சொன்னது அப்படியே. ஸ்பீடுலோடரும் இடிக்காம இறங்குது. அதனால இப்போதைக்கு டி கிரிப் ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன், வாட்கட்டர் ரெண்டு பெட்டி வாங்கியாச்சு. லேசர் வச்ச கிரிப் பத்தி ஒரு ஆசை இருக்கு, அது எப்படி?

அஞ்சு_ரவுண்ட்:

கிரிம்சன் ட்ரேஸ் கம்பெனி லேசர் கிரிப் நல்ல சரக்கு தான், முன்பக்கம் நடுவிரல் அழுத்துற இடத்துல ஸ்விட்ச் இருக்கும், பிடிச்சாலே எரியும். ஆனா உன் நடுவிரல் இப்போ வீங்கி இருக்கு, அந்த விரலால தான் அழுத்தணும். முதல்ல அது ஆறட்டும். டி கிரிப் மாட்டி 20 ரவுண்ட் சுட்டுட்டு முட்டி எப்படி இருக்குன்னு இங்கயே எழுது, அதுக்கப்புறம் லேசர் பத்திப் பேசுவோம்.