ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ்: விற்பதா, வைத்திருப்பதா?

வெள்ளவத்தை வாசகன்

2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் நிறுவனத்தின் பழைய கடன்களுக்காக 20 பில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் நிறுவனத்தை வாங்க ஆறு தரப்பினர் முன்வந்திருந்தனர். செப்டெம்பரில் ஆட்சி மாறியதும் விற்பனை கைவிடப்பட்டது. அது பிழையான முடிவு என்பதே என் நிலைப்பாடு. பெரும்பான்மைப் பங்குகளை விற்றுவிட்டு அரசு ஒதுங்க வேண்டும்.

நிறுவனம் வெளியிட்ட 175 மில்லியன் டொலர் பன்னாட்டுப் பிணைமுறிக்கு, அதாவது கடன் பத்திரத்துக்கு, அரசின் திறைசேரியே உத்தரவாதம் அளித்தது. 2024 ஜூனில் அது முதிர்வடைந்தபோது பணம் திருப்பிச் செலுத்தப்படவில்லை. இலங்கை வங்கிக்கும் மக்கள் வங்கிக்கும் கடன். எரிபொருளுக்காகப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் கடன். இவை எல்லாம் அரசு நிறுவனங்கள் என்பதால், ஒரு பையிலிருந்து எடுத்து மறு பைக்குள் போடுவதுபோல் தோன்றலாம். ஆனால் அந்தப் பைகள் வரியால் நிரம்புபவை. வாழ்நாளில் ஒருமுறையும் விமானம் ஏறாத, மலையகத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் சவர்க்காரம் வாங்கும்போது செலுத்தும் 18 வீத வற் வரியும் அதற்குள் போகிறது. எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான்.

கட்டுநாயக்கா அயலவன்

வாசகன் அவர்களே, சுமையைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. நோயை எங்கே காண்கிறீர்கள் என்பதில்தான் வேறுபடுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை ஸ்ரீலங்கனின் விமானப் பராமரிப்புக் கூடத்தில் வேலை செய்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முந்தைய தேசிய விமான நிறுவனமான எயார் சிலோன் மூடப்பட்ட பின் 1979இல் எயார் லங்கா (ஸ்ரீலங்கனின் பழைய பெயர்) தொடங்கியபோது, நிர்வாகத்துக்குக் கைகொடுத்தது சிங்கப்பூர் விமான நிறுவனம். 1998இல் எமிரேட்ஸ் 40 வீதப் பங்குகளை வாங்கி, பத்து ஆண்டுகளுக்கு நிர்வாகத்தைப் பொறுப்பேற்றது. 2001 ஜூலை 24 அன்று கட்டுநாயக்கா விமான நிலையம் தாக்கப்பட்டு, நிறுவனத்தின் விமானத் தொகுதியில் ஏறத்தாழப் பாதி அழிந்தும் சேதமுற்றும் போனது. அதிலிருந்தும் மீண்டு, 2008 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனம் இலாபம் கண்டது. அந்தக் காலம் முழுவதும் பெரும்பான்மைப் பங்குகள் அரசிடமே இருந்தன.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. 2007 டிசம்பரில் இலண்டனிலிருந்து திரும்ப வேண்டியிருந்த ஜனாதிபதியின் குழுவினருக்காக, ஏற்கெனவே இருக்கை பெற்றிருந்த பயணிகளை இறக்க நிர்வாகம் மறுத்தது. சில நாட்களில் தலைமை நிறைவேற்று அதிகாரியின் வேலை அனுமதி இரத்துச் செய்யப்பட்டது. ஒப்பந்தம் முடிந்ததும் எமிரேட்ஸ் விலகியது. 2010இல் அதன் பங்குகளை அரசு 53 மில்லியன் டொலருக்குத் திருப்பி வாங்கியது. நிறுவனத்தைச் சிதைத்தது, நிர்வாகத்துக்கு "இல்லை" என்று சொல்லும் உரிமை பறிக்கப்பட்டதுதான். அந்த உரிமையைச் சட்டத்தால் பாதுகாத்தால் போதும். சிங்கப்பூரிலும் எத்தியோப்பியாவிலும் தேசிய விமான நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு அரசின் கையில்தான் இருக்கிறது.

வெள்ளவத்தை வாசகன்

அயலவன் அவர்களே, நீங்கள் சொன்ன வரலாறே என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. 40 வீதப் பங்கு வைத்திருந்த, உலகின் வலிமைமிக்க விமான நிறுவனங்களுள் ஒன்றையே ஒரு வேலை அனுமதியை இரத்துச் செய்து அசைக்க முடிந்ததென்றால், இங்கே எழுதப்படும் ஒரு சட்டம் எத்தனை நாள் நிற்கும்?

2013இல் எயார்பஸ் நிறுவனத்தின் ஆறு ஏ330 விமானங்களுக்கும் நான்கு ஏ350 விமானங்களுக்கும் 2.3 பில்லியன் டொலர் பெறுமதியான ஒப்பந்தம் செய்யப்பட்டது. இந்த அளவு நிறுவனத்துக்கு அந்த ஏ350 விமானங்கள் வேண்டியவையே அல்ல. பின்னர் அவற்றைக் கைவிடுவதற்கும் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. 2020இல் எயார்பஸ் பிரித்தானிய நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட விடயங்களுள், இந்தக் கொள்வனவை ஒட்டி நிறுவன அதிகாரி ஒருவரின் மனைவிக்கு 2 மில்லியன் டொலர் கைமாறியதும் அடங்கும். இதே காலப்பகுதியில், அரசு தனக்குத் தானே போட்டியாக 2007இல் மிஹின் லங்கா என்ற மலிவுக் கட்டண விமான நிறுவனத்தைத் தொடங்கி, 2016இல் அதையும் மூடியது. இவை அனைத்தும் ஒரே உரிமையாளரின் செயல்கள். உரிமையாளர் மாறாமல் நடத்தை மாறும் என்று எதிர்பார்க்க என்னால் இயலவில்லை.

திருச்சிப் பயணி

இருவருக்கும் வணக்கம். நான் திருச்சிக்காரன். எங்கள் நாடு இதே பாதையில் நடந்து முடித்துவிட்டதால் சில விவரங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

2021 ஆகஸ்ட் இறுதியில் ஏர் இந்தியாவின் கடன் 61,562 கோடி ரூபாய். டாடா குழுமம் 18,000 கோடிக்கு ஏலம் எடுத்தது. அதில் ரொக்கமாக அரசுக்குக் கிடைத்தது 2,700 கோடி மட்டுமே. மீதி 15,300 கோடி, டாடா தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்ட கடன். எஞ்சிய 46,000 கோடிக்கும் அதிகமான கடன், இதற்கென்றே அமைக்கப்பட்ட ஓர் அரசு நிறுவனத்தின் தலையில் வைக்கப்பட்டது. ஆகவே வாசகன் ஐயா, விற்றுவிட்டால் அந்தத் தேயிலைத் தொழிலாளியின் சுமை இறங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். பழைய கடனை அவர்தான் அடைப்பார். விற்பனையால் தடுக்க முடிவது இனிமேல் வரும் நஷ்டத்தை மட்டுமே. அது சிறிய பயன் என்று நான் சொல்லவில்லை.

நீங்கள் இருவரும் தொடாத இன்னொன்று போட்டி. சென்னை, திருச்சி, மதுரை ஆகிய ஊர்களிலிருந்து பயணிகளை ஏற்றி, கொழும்பில் விமானம் மாற்றிக் கிழக்கேயும் மேற்கேயும் கொண்டுபோவது ஸ்ரீலங்கனுக்கு ஒரு முக்கியமான வருமானம். என் அண்ணன் மெல்போர்னுக்கு எப்போதும் அப்படித்தான் போகிறார். ஆனால் 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இப்போதே நேரடி விமானங்கள் இருக்கின்றன. மேற்கே போகிறவர்களை வளைகுடா நிறுவனங்கள் அள்ளிக்கொள்கின்றன. இருபதைச் சற்றே தாண்டிய எண்ணிக்கையில் விமானங்களை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் எப்படித் தாக்குப்பிடிப்பது? உரிமையாளர் அரசானாலும் தனியாரானாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கட்டுநாயக்கா அயலவன்

திருச்சி நண்பர் சொன்ன போட்டி உண்மையே. ஆனால் இந்த நிறுவனத்தின் நட்டத்தில் ஒரு பகுதி போட்டியாலும் வந்ததல்ல, நிர்வாகத்தாலும் வந்ததல்ல. கடன்கள் பெரும்பாலும் டொலரில் உள்ளவை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360ஐத் தொட்டது. ஒரு விமானம்கூடக் கூடுதலாக வாங்காமலே கடன் ஏட்டில் பெருகிவிட்டது. அதே ஆண்டில் கட்டுநாயக்காவில் எரிபொருள் இல்லாமல், நீண்டதூர விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு பறந்தன. நாடே வங்குரோத்தான நாட்களில் அந்தச் சேவை அறுந்துபோகாமல் காத்தவர்கள் இந்த ஊழியர்கள். 2020 பெப்ரவரியில் வூஹானிலிருந்து நம் மாணவர்கள் 33 பேரை அழைத்துவரவும் இவர்கள்தான் போனார்கள். இலாபம் மட்டுமே பார்க்கும் உரிமையாளர் அந்த நாளில் விமானத்தை அனுப்புவாரா?

வெள்ளவத்தை வாசகன்

அந்த ஊழியர்கள் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அவசரத்துக்கு ஒரு விமானத்தை அரசு வாடகைக்கு அமர்த்தலாம். அதற்காக ஒரு நிறுவனத்தையே ஆண்டுதோறும் தாங்க வேண்டியதில்லை. தேசிய சேவை என்கிறீர்கள், சரி. 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தின் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து முதலில் வந்தது இந்தியாவின் அலையன்ஸ் எயார். 2024 செப்டெம்பரில் வந்தது இண்டிகோ. யாழ்ப்பாணத்தவருக்குத் தேசிய விமானம் எங்கே?

கட்டுநாயக்கா அயலவன்

இது வேதனையான கேள்விதான். ஆனால் காரணம் தொழில்நுட்பமானது. பலாலியின் ஓடுபாதை ஏறத்தாழ 1,400 மீற்றர் நீளமே உள்ளது. அலையன்ஸ் எயாரும் இண்டிகோவும் அங்கே கொண்டுவருவது ஏரிஆர் 72 என்ற சிறிய புரொப்பெல்லர் விமானம். ஸ்ரீலங்கனிடம் இருப்பவை ஏ320 வகையும் ஏ330 வகையுமே. ஓடுபாதையை நீட்டாமல் அவற்றை அங்கே இறக்க முடியாது. சிறிய விமானங்களை ஏன் வாங்கவில்லை என்று கேட்டால், அதற்கு என்னிடம் நியாயமான பதில் இல்லை. ஏ350க்குச் செலவிட்டதில் சிறு பங்கே போதுமாக இருந்திருக்கும்.

மட்டுநகர் மங்கை

நான் கணக்காய்வுத் துறையில் இருக்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நாம் "விமான சேவை" என்று சொல்வது உண்மையில் மூன்று தொழில்கள்: பறக்கும் விமானங்கள், உணவு வழங்கும் ஸ்ரீலங்கன் கேட்டரிங், கட்டுநாயக்காவில் எல்லா நிறுவனங்களின் விமானங்களுக்கும் செய்யப்படும் தரைச்சேவை. பின்னிரண்டும் பணம் ஈட்டுபவை. தரைச்சேவைக்கு அங்கே போட்டியாளரே இல்லை. மூன்றையும் ஒரே கட்டாக விற்றால், வாங்குபவர் விரும்பி வருவது அந்த ஏகபோகத்துக்காகத்தான். பறக்கும் பகுதியை அவர் மெல்ல மெல்லச் சுருக்கினாலும் நம்மால் கேட்க முடியாது. அதேவேளை, வைத்திருப்போம் என்று வாதிடும் அயலவன் ஐயாவும் ஒன்றை ஏற்க வேண்டும். இந்த இரண்டின் வருமானம் பறக்கும் பகுதியின் நட்டத்தை மறைத்துவிடுகிறது. அதனால் எந்த வழித்தடம் தாங்கும், எது தாங்காது என்று வெளியே இருப்பவருக்குத் தெரிவதேயில்லை. விற்பதற்கும் வைத்திருப்பதற்கும் முன்னால், ஒவ்வொரு வழித்தடத்தின் வரவுசெலவும் பாராளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.

வெள்ளவத்தை வாசகன்

மங்கை அக்கா சொன்னதை ஏற்கிறேன். தரைச்சேவையை விமானங்களோடு சேர்த்து விற்கக்கூடாது. இந்த ஒரு விடயத்தில் என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் பறக்கும் பகுதியை அரசே வைத்திருப்பதென்றால், இனி இந்த நிறுவனத்தின் எந்தக் கடனுக்கும் திறைசேரி உத்தரவாதம் அளிக்காது என்ற நிபந்தனை வேண்டும். அதற்கு அயலவன் அவர்கள் உடன்படுவாரா?

கட்டுநாயக்கா அயலவன்

பழைய கடன் முழுமையாகப் பிரித்தெடுக்கப்பட்டால் உடன்படுகிறேன். அந்தக் கடன் ஏட்டில் இருக்கும்வரை, உத்தரவாதம் இல்லாமல் எவரும் இவர்களுக்கு விமானத்தைக் குத்தகைக்குத் தரமாட்டார்கள். மாற்று இயந்திரங்கள் கிடைக்காமல் சில விமானங்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றதை அண்மையில் பார்த்தோம். அந்த இருக்கைகளை நிரப்ப வேண்டிய பயணிகள் வேறு நிறுவனங்களுக்குப் போனார்கள். உத்தரவாதத்தை இன்றே நிறுத்திவிட்டுக் கடனை அப்படியே விட்டால், விற்பதற்கும் எதுவும் மிஞ்சாது.