மலையில் பார்த்த பழைய ஹாக்கி ஆட்டக்காரர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வெலிங்டன் வாசி

மண் சரிந்து மலை ரயில் ரத்தான அன்று குன்னூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். எழுபதுகளில் ரயில்வேக்கு ஆடியவர், ஆட்டத்துக்காகவே வேலை கிடைத்த தலைமுறை. ஹாக்கி என்றதும் எல்லாரும் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன். "எத்தனை கோல் சார் அடிச்சிருப்பீங்க?"

"அடிக்கிறது என் வேலை இல்ல தம்பி. நிறுத்திக் கொடுக்கிறதுதான் என் வேலை" என்று இடது கையை மேசைமேல் வைத்தார். சுண்டு விரலும் மோதிர விரலும் வெளிப்பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றன. மடக்கப் பார்த்தார், பாதிக்கு மேல் மடங்கவில்லை. டீ கிளாஸை மீதி மூன்று விரலால்தான் பிடித்திருந்தார்.

அப்போதெல்லாம் பெனால்டி கார்னரில், அதாவது கோல் அருகே எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பில், பந்தைக் கையால் நிறுத்தலாம். இப்போது ஆடுகிற பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். கோல் கோட்டிலிருந்து ஒருவன் பந்தைத் தள்ளிவிடுவான். கோல் முன்னால் இருக்கும் 'டி' என்கிற அரைவட்டத்தின் விளிம்பில் இவர் குனிந்து, உள்ளங்கையைப் புல்லில் பதித்துக் காத்திருப்பார். பந்து நின்றதும் பக்கத்தில் இருப்பவன் ஓங்கி அடிப்பான். "கையை எடுக்க நேரம் இருக்குமா சார்?" என்றேன்.

"சீக்கிரம் எடுத்தா பந்து உருளும். உருண்டா அடி தப்பும். மட்டை விரலை உரசிட்டுப் போச்சுன்னா சரியா நிறுத்தியிருக்கேன்னு அர்த்தம். சில நாள் உரசலோட நிக்காது."

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். வருத்தப்படுவார் என்று பார்த்தால், "நல்லதுதான் பண்ணாங்க" என்கிறார். இப்போதைய ஆட்டம்தான் அவருக்குப் பிடிக்குமாம். எதிரணி ஆட்களைத் தாண்டி முன்னால் நின்றால் தவறு என்கிற ஆஃப்சைடு கிடையாது, எதிரணி தவறுக்கு ஃப்ரீ ஹிட் கிடைத்தவன் தானே பந்தை எடுத்துக்கொண்டு ஓடலாம். "எங்க ஆட்டத்துல பாதி நேரம் விசில் சத்தம்தான் கேட்கும்" என்றார். பழைய ஆட்டக்காரர் வாயால் இதைக் கேட்டது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. உங்களுக்கும் இப்படி யாராவது கிடைத்திருந்தால் எழுதுங்கள்.

கேத்தி கேரட்

அவர் பெருந்தன்மையாகச் சொல்லியிருப்பார், நீங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். புல்தரை போனதோடு நம் ஹாக்கியும் போனது. 1975இல் கோலாலம்பூரில் புல்லில் ஆடி, பாகிஸ்தானை 2-1 என்று வென்று உலகக் கோப்பை வாங்கினோம். அந்த அணியில் நம் தமிழ்நாட்டு வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார். அடுத்த வருடமே மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை போட்டார்கள். நமக்கு 7ஆவது இடம். ஒரே வருடத்தில் ஆடத் தெரியாமல் போய்விட்டதா?

என் அனுபவம் சின்னதுதான். ஊட்டியில் ஒரு பள்ளி மைதானம், மாலை நேரம். இறங்கிய மூடுபனியில் இந்தக் கோலிலிருந்து பார்த்தால் அந்தக் கோல் தெரியாது. பழைய ஆட்டக்காரர் ஒருவர் பையன்களை அப்போதும் நிறுத்தவிடாமல் ஆடச் சொல்லிக்கொண்டிருந்தார். "பந்து எங்க சார்?" என்று ஒருவன் கேட்டதற்கு, "பந்தைத் தேடாதே, உன் ஆளு எங்க ஓடுவான்னு தேடு" என்று பனிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

எடப்பள்ளி எஞ்சினியர்

கேரட், 1980 மாஸ்கோவும் செயற்கைத் தரைதான். பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கிய தரை எது என்று நினைத்தீர்கள்?

கேத்தி கேரட்

மாஸ்கோவுக்கு யார் வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததில் ஆஸ்திரேலியா, மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, பாகிஸ்தான் யாரும் இல்லை. மொத்தம் 6 அணி. தான்சானியாவை 18-0 என்று அடித்த கணக்கை வைத்து வாதம் செய்யாதீர்கள். 1986 லண்டன் உலகக் கோப்பையில் 12 அணியில் 12ஆவது. 2008 பெய்ஜிங்குக்குத் தகுதியே பெறவில்லை. இதெல்லாம் தரை மாறிய பிறகு நடந்தவை.

எடப்பள்ளி எஞ்சினியர்

நியூசிலாந்து மாண்ட்ரீலில் தங்கம் வாங்கியது. அவர்கள் ஊரில் மட்டும் புல் முளைக்காதா? சரி, இது அனுபவத்துக்கான இடம், என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ வெண்கல ஆட்டம். காலை 7 மணி, வெளியே மழை. வெலிங்டன் பஜாரில் ஒரு பேக்கரி டிவி முன்னால் மாஸ்க்கோடு ஒரு கூட்டம். எங்கள் தெருவில் இருக்கும் பெரியவரும் வந்திருந்தார். ராணுவ அணிக்குக் கோல்கீப்பராக நின்றவர். பஞ்சும் பிரம்பும் வைத்த பேடைக் காலில் கட்டி, தலைக்கு ஒன்றும் இல்லாமல் நின்ற காலத்து ஆள். 3-1 என்று பின்தங்கி 5-4 வரை வந்தாயிற்று. கடைசி 6 நொடியில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். கடையே எழுந்து நின்றது. இவர் மட்டும் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பன் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி நின்றார்.

நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்துவிட்டார், கடைக்காரர் டிரேயைத் தட்ட ஆரம்பித்தார், அப்புறம்தான் திரும்பினார். "ஏன் சார் பார்க்கல, பயமா?" என்றேன். "பயம் இல்ல. பார்த்தேன்னா கால் தானாப் போயிடும். பக்கத்துல நிக்கிறவன் மேல உதை விழும். வீட்டுல ஒருதரம் டீப்பாய் உடைஞ்சிருக்கு." அவர் மனைவியிடம் பிறகு கேட்டேன், டீப்பாய் கதை உண்மைதான். கண்ணாடி போட்ட டீப்பாய்.

வெலிங்டன் வாசி

அருமை எஞ்சினியர். என் ஆளைத் திரும்பவும் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பெனால்டி கார்னரில் பந்தை ஓங்கி அடிக்காமல் மட்டையால் இழுத்து வீசுகிற டிராக் ஃபிளிக் பற்றி அவர் கருத்து என்ன என்று தெரிந்துகொள்ளப் பாரிஸ் ஆட்டத்தைப் போனில் போட்டுக் காட்டினேன். 2024 வெண்கல ஆட்டம், ஸ்பெயினுக்கு எதிராக 2-1. நம் இரண்டு கோலும் பெனால்டி கார்னர், இரண்டும் ஹர்மன்பிரீத். பந்து நெட்டுக்குள் போகிற இடத்தில் நான் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறேன், இவர் விரலால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். மட்டையைத் தரையோடு படுக்கவைத்துப் பந்தை நிறுத்துகிறானே, அவன்மேல்தான் கண்.

"இவன் பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. ஸ்கோர் பலகையில் ஹர்மன்பிரீத் பெயரும் நிமிடமும் வந்தது. வர்ணனையில் வேறு யார் பெயரும் காதில் விழவில்லை. "பரவால்ல, அன்னைக்கும் போட மாட்டாங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் வராது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

மசினகுடி மைனா

நம் தேசிய விளையாட்டை ஆடியவர்களுக்கு இந்த நிலைமை.

எடப்பள்ளி எஞ்சினியர்

தேசிய விளையாட்டு என்று எதையும் அறிவிக்கவில்லை என்று 2012லேயே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு விளையாட்டு அமைச்சகம் பதில் கொடுத்துவிட்டது மைனா.

மசினகுடி மைனா

பள்ளிப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன், அதற்கும் சண்டையா?

கோத்தகிரி அக்கா

எல்லாரும் ஆண்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் பார்த்தது ஒரு பெண்மணியை, சிம்ஸ் பார்க்கில். படிக்கட்டில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை கைப்பிடியில், முகம் மேலே பார்த்து, ஒவ்வொரு படியாக. ஏதோ ரீல்ஸ் எடுக்கிறார்கள் என்று என் பெண் சிரித்துவிட்டாள். கையைக் கொடுக்கப் போனேன். "வேண்டாம்மா, முன்பக்கமா இறங்கினாத்தான் முட்டி வலிக்கும்" என்றார்.

கீழே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் ஹாக்கி என்பது தெரிந்தது. மிட்ஃபீல்டில் ஆடியவர். செயற்கைத் தரையில் பந்து வேகமாக வரும், முட்டியை மடக்கித் தாழ்ந்தே ஓட வேண்டும், அத்தனை வருடமும் முதுகு நிமிர்ந்து ஓடியதே இல்லை என்றார். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த்தில் நம் பெண்கள் தங்கம் வாங்கியதைப் பற்றிப் பேச்சு வந்தபோது முகம் மலர்ந்தது. அந்த அணியில் இவர் இல்லை, உடன் பயிற்சி எடுத்தவர்கள் இருந்தார்களாம்.

நான் ஏதோ கேட்க வேண்டுமே என்று, "உங்க கடைசி மேட்ச் ஞாபகம் இருக்காங்க?" என்றேன்.

"எது கடைசின்னு யாரு சொன்னாங்க? ஒரு போட்டி முடிஞ்சு வந்தோம், ஷூவைத் துடைச்சு வெச்சேன். அடுத்த லிஸ்ட்ல பேரு வரல. அதுக்கடுத்த லிஸ்ட்லயும் வரல. வருமா வருமான்னு ஒன்றரை வருஷம் ஓடிட்டுத்தான் இருந்தேன், காலையில அஞ்சு மணிக்கு. அந்த மேட்ச்ல என்ன ஸ்கோருன்னுகூட ஞாபகம் இல்ல. தெரிஞ்சிருந்தா கவனிச்சு ஆடியிருப்பேன்."

என் பெண் அப்புறம் சிரிக்கவில்லை. பத்தாம் வகுப்பு படிக்கிறாள், ஹாக்கி ஆட வேண்டும் என்று இப்போது நச்சரிக்கிறாள்.

சிம்ஸ் பார்க் சித்தப்பா

அருவங்காட்டில் ஒரு ஆட்டத்தில் நடுவராக நின்ற முன்னாள் வீரர் ஒருவர், கோட்டுக்குள் வந்து நின்ற என்னை ஒரு விசிலில் உட்கார வைத்தார். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் கோத்தகிரி அக்காவின் பெண் ஆட ஆசைப்படுவதால் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

மட்டை வாங்கும்போது பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், இடுப்பெலும்பு உயரத்துக்கு இருந்தால் போதும். வளர்வாள் என்று பெரிதாக வாங்காதீர்கள், அது பள்ளிச் சீருடைக்குத்தான் சரி. கார்பன் அதிகமுள்ள மட்டை கடையில் பளபளவென்று இருக்கும், புதிதாக ஆடுகிறவர்களுக்குப் பந்து அதில் பட்டதும் எகிறிப் போகும். கார்பன் குறைந்தது அல்லது மர மட்டை போதும். பெண் இடது கைக்காரியா? ஹாக்கியில் இடது கை மட்டை என்று ஒன்று கிடையாது. தட்டையான பக்கத்தால்தான் ஆட வேண்டும், அது எல்லா மட்டையிலும் ஒரே பக்கம்தான். முன்காலைக் காக்கும் ஷின் கார்டும் பல் காப்பும் முதல் நாளே வேண்டும். பந்து 160 கிராம் அளவுக்கு எடை, கல் மாதிரி கெட்டி, பல்லில் பட்டால் பல் இருக்காது. சிமெண்ட் தரையில் ஓட விடாதீர்கள். மார்கழி உறைபனியில் உடம்பு சூடாகாமல் வேகமாக ஓடினால் தொடைத் தசை பிடித்துக்கொள்ளும், முதலில் கால் மணி நேரம் மெதுவாக ஓடட்டும். இறக்கத்தில் ஓடிப் பயிற்சி எடுப்பது நம் மலைப் பிள்ளைகளின் கெட்ட பழக்கம், முட்டி போவது அங்கேதான். ஆர்வம் நிலைத்தால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பலாம். கோவில்பட்டிக்கு ஒரு தடவை கூட்டிப்போய் லட்சுமி அம்மாள் கோப்பை ஆட்டங்களைக் காட்டுங்கள், அந்த ஊரில் டீ குடிக்க வருகிறவர்கூட ஹாக்கி பேசுவார். படிப்பை விட்டுவிட வேண்டாம். முட்டைக்குப் பதில் நிலக்கடலை தரலாம்.

கோத்தகிரி அக்கா

நன்றி சித்தப்பா. நான் கேட்கவில்லை, ஆனாலும் நன்றி. அவள் வலது கைக்காரிதான்.

மசினகுடி மைனா

நிலக்கடலை எங்கிருந்து வந்தது?

சிம்ஸ் பார்க் சித்தப்பா

புரதச்சத்து தம்பி. தனியாக எழுதுகிறேன்.

கேத்தி கேரட்

எல்லாம் சரி. மாண்ட்ரீலில் 7ஆவது இடம் ஏன் என்று நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நியூசிலாந்தில் புல் முளைக்குமா என்பது பதில் ஆகாது.