கரோட்டிட் தமனிக்குள் வெள்ளைக் கோடு: கிழிசலா, எதிரொலியா?

கதிர்மாணவி:
வணக்கம். கதிரியக்கத் துறையில் முதுநிலை படிக்கிறேன். கழுத்து டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஒலி ஸ்கேன்) ஒருவருக்கு, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் வலது பொதுக் கரோட்டிட் தமனிக்குள், சுவருக்கு இணையாக மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது. கழுத்து வலி எதுவும் இல்லை. மேலே கிடக்கும் கழுத்துச் சிரையின் முன்சுவர் 8 மி.மீ. ஆழத்தில், தமனியின் முன்சுவர் 12 மி.மீ.யில், கோடு 16 மி.மீ.யில் இருக்கிறது. கெயினை (எதிரொலியைப் பெருக்கிப் படத்தை வெளிச்சமாக்கும் அளவு) குறைத்தால் கோடு மங்குகிறது, தமனியின் பின்சுவரும் சேர்ந்து மங்குகிறது. கோட்டை எப்படிப் போக்குவது? நாளை அவர் மறுபடியும் வருகிறார்.

நீலத்திரை:
புரோப்பில் (கழுத்தில் வைக்கும் கருவி) ஒலி அனுப்பும் படிகம் செத்திருக்கும். சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

பழைய புரோப்:
படிகம் செத்தால் புரோப் முகத்திலிருந்து நேர் கீழாக இருண்ட பட்டை விழும்; இப்படிக் கிடைக்கோடு வராது. அவர்கள் கொடுத்த ஆழங்களைப் பாருங்கள். 8, 12, 16. சம இடைவெளி. சிரையின் முன்சுவருக்கும் தமனியின் முன்சுவருக்கும் இடையில் ஒலி ஒரு தடவை கூடுதலாகப் போய்வந்திருக்கிறது. இயந்திரமோ ஒலி நொடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் நேராகப் போய்த் திரும்பியதாகவே கணக்குப் போடும். தாமதமாக வந்ததை ஆழத்தில் வரைந்துவிடும். சலூனில் எதிரெதிர்க் கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் நம் தலை வரிசையாகத் தெரிவதில்லையா, அதே கதைதான்.

ஆனாலும் கணக்கு பொருந்துகிறது என்பதற்காகத் தமனியின் உட்சுவரில் கிழிசல் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நாளை மூச்சை அடக்கி முக்கச் சொல்லுங்கள். சிரை விரியும், இடைவெளி கூடும், எதிரொலியானால் கோடு தமனிக்குள் இன்னும் கீழே இறங்கும். பிறகு புரோப்பால் சிரை தட்டையாகும் அளவுக்கு மட்டும் மெதுவாக அழுத்துங்கள். கோடு மேலே ஏறும். தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு அருகில் அழுத்த வேண்டாம், நாடித்துடிப்பு குறைந்துவிடும். எம்-மோடில் (ஒரே கோட்டில் உள்ள அசைவை நேரத்தோடு வரையும் முறை) போட்டால் எதிரொலிக் கோடு முன்சுவரின் தாளத்திலேயே, அதைப்போல் இரு மடங்கு அசையும். உட்சுவர் கிழிந்து தொங்கும் மடலானால் தன் போக்கில் ஆடும்.

கெயினை மட்டும் முதலில் தொடாதீர்கள். கருமையாகத் தெரியும் மென்மையான கொழுப்புப் படிவு அதோடு காணாமல் போகும். முதலில் வழியை மாற்றுங்கள்: தலையை எதிர்ப்பக்கம் திருப்பி, கழுத்தின் பின்பக்கவாட்டிலிருந்து, சிரை குறுக்கே வராமல் தமனியைப் பாருங்கள். அடுத்தது ஹார்மோனிக், அதாவது அனுப்பிய ஒலியின் இரு மடங்கு அதிர்வெண்ணை வைத்துப் படம் எடுக்கும் முறை. அலை திசுவுக்குள் போகப்போகத்தான் இரு மடங்கு அதிர்வெண் உருவாகிறது. வலுக்குறைந்த எதிரொலிகளில் அது சொற்பம் என்பதால் அவை அடங்கிவிடும். காம்பவுண்ட் முறை பல கோணங்களில் எடுத்துச் சேர்ப்பதால் மிச்சமும் கலையும்.

ரத்தநாளம்:
ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரும் போட்டுப் பாருங்கள். எதிரொலிக் கோட்டைத் தாண்டி நிறம் தடையில்லாமல் நிரம்பும். கலர் கெயின் அதிகமானால் உண்மையான மடல்மீதும் நிறம் பூசிவிடும். சிதறித் தெரியும் நிறப் புள்ளிகள் மறையும்வரை குறைத்த பிறகே நம்புங்கள்.

கதிர்மாணவி:
இன்று பார்த்தேன், சார். முக்கியபோது கோடு கீழிறங்கியது. பின்பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கோடே இல்லை. குறுக்குவெட்டிலும் உட்பகுதி தெளிவாக இருக்கிறது. ஹார்மோனிக்கை எப்போதும் போட்டே வைக்கலாமா?

பழைய புரோப்:
பொதுக் கரோட்டிடுக்குப் போட்டு வையுங்கள். தாடைக்குக் கீழே ஆழமாகப் போகும் உட்கரோட்டிடில் படம் இருண்டால் அணைத்துவிடுங்கள். உயர் அதிர்வெண் அவ்வளவு ஆழத்திலிருந்து திரும்பி வராது. இரண்டு கோணப் படங்களையும் அறிக்கையோடு சேர்த்துச் சேமித்து வையுங்கள்.